1887 லீவர் ஷாட்கன்: சீனப் பிரதியா, இத்தாலியப் பிரதியா, அசலா?

கவ்பாய் உடையில் பழைய காலத் துப்பாக்கிகளைச் சுடும் போட்டிகளுக்கு நான் போவது தெரிந்த நாளிலிருந்து, வின்செஸ்டர் 1887 பற்றி, அதாவது பிடிக்கு அடியிலுள்ள லீவரைத் தள்ளி இழுத்துத் தோட்டா மாற்றும் பழைய ஷாட்கன் பற்றி, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "1887 வாங்க ஆசை. சீனாவில் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கிறது. இத்தாலியில் செய்தது பார்க்க அழகாக இருக்கிறது. ஏலத்தில் அசலே வருகிறது. எதை எடுப்பது?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே விலைப் பட்டியலை மனப்பாடம் செய்திருப்பார்கள். எந்தத் தோட்டாவை எங்கே சுடப் போகிறோம் என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். இந்தத் துப்பாக்கியில் விலைக்கு முன்னால் நிற்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு இத்தாலியப் பிரதிதான் சரி. போட்டியில் வேகமாகச் சுட நினைப்பவர், கூடுதலாகக் கொஞ்சம் பணத்தையும் பொறுமையையும் ஒதுக்க முடிந்தால், சீனப் பிரதியை எடுக்கலாம். புகை கக்கும் பழைய காலக் கருமருந்தை நேசிப்பவர் மட்டும் அசலைத் தொட வேண்டும்.

## இது என்ன துப்பாக்கி

1880களில் அமெரிக்காவின் நியூ ஹேவனில் இருந்த வின்செஸ்டர் நிறுவனத்துக்கு ஒரு தொடர்சுடு ஷாட்கன் தேவைப்பட்டது. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஜான் மோசஸ் பிரவுனிங்கிடம் வேலை போயிற்று. ஷாட்கன்னுக்கு முன்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் முறைதான் பொருந்தும் என்பது பிரவுனிங்கின் எண்ணம். வின்செஸ்டர் என்றாலே மக்களுக்கு லீவர்தான் நினைவுக்கு வரும், எனவே லீவரே வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதம் பிடித்தது. பிரவுனிங் செய்து கொடுத்தார். 1887 முதல் 1901 வரை 10 போரிலும் 12 போரிலுமாக (‘போர்’ என்பது குழல் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது) ஏறத்தாழ 65,000 துப்பாக்கிகள் வெளிவந்தன. அதன்பின் புகையற்ற மருந்தைத் தாங்குமாறு வலுப்படுத்தி, 10 போரில் மட்டும், 1901 மாடல் என்று 1920 வரை செய்தார்கள். அதில் 13,500 துப்பாக்கிகள்தான் உண்டு. இதற்கு நடுவே பிரவுனிங் தன் எண்ணப்படி செய்த 1897 பம்ப் துப்பாக்கி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அவர் சொன்னதே சரியென்று சந்தை காட்டிவிட்டது.

இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1887 பிறந்தபோதே அதைச் செய்தவர் முழு மனதோடு செய்யாத வடிவம் அது. லீவரின் வீச்சு நீளமானது. இவ்வளவு பருமனான தோட்டாவை அடியிலிருந்து தூக்கி மேலே கொண்டுவர இயந்திரத்துக்கு நிறைய இடம் வேண்டும். லீவரைக் கீழே தள்ளும்போது, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான குதிரையைத் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பெரிய அடைப்புக் கட்டை ஓர் அச்சைச் சுற்றிப் பின்னோக்கிச் சுழன்று இறங்குகிறது. வெற்றுத் தோட்டா மேல்வழியாகத் தெறிக்கிறது. அடியிலுள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா தூக்கியின் மேல் வந்து உட்காருகிறது. லீவரை மேலே இழுத்தால் தூக்கி எழும்பும், கட்டை தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி வாயை அடைக்கும். மேல்மூடி திறந்த தையல் இயந்திரத்தைப் பார்ப்பதுபோல எல்லாம் கண்ணெதிரே நடக்கும். அந்தக் காட்சிக்காகத்தான் நாங்கள் இதை விரும்புகிறோம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. லீவரைக் கடைசிவரை தள்ளாமல் பாதியில் திருப்பினால், தோட்டா நிமிர்ந்து நின்று கட்டைக்கும் குழலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும்.

அரிசோனாவில் எனக்கு இது நடந்திருக்கிறது. நான்கு எஃகுத் தகடுகளில் இரண்டைச் சாய்த்துவிட்டேன். மூன்றாவதுக்கு லீவரை அவசரமாகத் திருப்பினேன். பாதி எழும்பிய தோட்டாவின் வாய் ஒரு பக்கமாக நசுங்கி, உள்ளிருந்த ஈய ரவை ஒவ்வொன்றாகச் சிந்தி இயந்திரத்துக்குள் விழுந்தது. நேரக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. சூடேறிய உலோகத்துக்குள் இரண்டு விரல்களை விட்டு அந்தத் தோட்டாவைப் பிடுங்கியது இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. தவறு துப்பாக்கியுடையது அன்று, என் கையுடையது. ஆனால் எந்தப் பிரதி கையின் தவற்றை எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, தோட்டா. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 போர் தோட்டா 70 மில்லிமீட்டர் அறைக்கானது. அறை என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம். துப்பாக்கியின் அறை அதற்கேற்ற நீளமா? உலோகம் புகையற்ற மருந்தின் அழுத்தத்தைத் தாங்குமா?

இரண்டாவது, இயக்கம். லீவர் தங்குதடையின்றி ஓடுகிறதா, தோட்டா ஒவ்வொரு முறையும் நேராக ஏறுகிறதா, வெற்றுத் தோட்டா முழுமையாக வெளியேறுகிறதா?

மூன்றாவது, மொத்தச் செலவு. கடைச் சீட்டில் இருக்கும் விலை அதில் ஒரு பகுதிதான். அமெரிக்காவில் இணையத்தில் பிரதியை வாங்கினால் உரிமம் பெற்ற உள்ளூர் வியாபாரி வழியாகத்தான் கைக்கு வரும், அவர் ஒரு கட்டணம் வாங்குவார். இயக்கத்தை இழைத்துச் சீராக்கும் கூலி, லீவரைச் சுற்றக் கட்டும் தோல், வீட்டில் பழகப் போலித் தோட்டாக்கள், குழலின் சுவர்க் கனத்தை அளக்கும் கட்டணம் எல்லாம் சேர வேண்டும்.

நான்காவது, உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும். ஒரு சுருள்வில் உடைந்தால் யாரிடம் போவது?

ஐந்தாவது, குழலின் நீளமும் பயன்பாடும். போட்டிக்குக் குட்டையான குழல், களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடவும் வேட்டைக்கும் நீளமான குழல். இதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

| | சீனப் பிரதி | இத்தாலியப் பிரதி | அசல் 1887 |
|---|---|---|---|
| போர் | 12 | 12 | 10, 12 |
| அறை நீளம் | 70 மி.மீ. | 70 மி.மீ. | 12 போரில் 67 மி.மீ., 10 போரில் 73 மி.மீ. |
| மருந்து | புகையற்றது | புகையற்றது | கருமருந்து |
| குழல் | 20 அங்குலம் | 18.5 முதல் 28 அங்குலம் வரை | பெரும்பாலும் 30, 32 அங்குலம் |
| வாங்கியதும் செலவு | இயக்கத்தை இழைக்கும் கூலி | சிறியது | சோதனை, சிறப்புத் தோட்டா, அன்றாடச் சுத்தம் |
| யாருக்கு | போட்டியாளருக்கு | பொதுவாக எல்லோருக்கும் | சேகரிப்பவருக்கு, கருமருந்துக்காரருக்கு |

## சீனப் பிரதி

சீனாவில் செய்து, அமெரிக்காவில் வெவ்வேறு இறக்குமதி நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்றவை இவை. சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அமெரிக்கா 1994இல் தடுத்தபோதும் ஷாட்கன்களுக்கு விலக்கு இருந்தது. அந்த வழியாகத்தான் 1887இன் பிரதியும் 1897இன் பிரதியும் வந்து சேர்ந்தன. இருபது அங்குலக் குழல், முனையில் குறுகாத (சோக் இல்லாத) நேர்த்துளை, சிவப்புச் சாயம் பூசிய, தோளில் பதியும் கடின மரக் கட்டை. அசலைத் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே இருக்கும்.

இதன் பலம் உடம்பு. எஃகு தாராளமாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, விலை குறைவு. பலவீனம் முழுவதும் உள்ளே. புதிதாக எடுத்த துப்பாக்கியின் லீவரைத் தள்ளினால் மணலில் சக்கரத்தை உருட்டுவது போன்ற ஓர் உணர்வு வரும். உள் விளிம்புகள் அரம் போடாமல் கூராகவே இருக்கும். சுருள்விற்கள் தேவைக்கு மேல் விறைப்பாக இருப்பதுண்டு. தூக்கியின் ஓரம் பிளாஸ்டிக் தோட்டாவின் பக்கத்தைச் சீவிவிடுவதும் உண்டு. எல்லாத் துப்பாக்கியும் அப்படியல்ல. ஒரே பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று வெண்ணெய்போல ஓடும், மற்றது முரண்டு பிடிக்கும். அதனால்தான் படத்தைப் பார்த்து இதை வாங்கக் கூடாது என்கிறேன். கையில் எடுத்து, போலித் தோட்டா போட்டு, இருபது முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு, துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் கூலி. தேர்ந்த கைகள் இதன் உள் விளிம்புகளை மழுக்கி, விற்களைத் தளர்த்தி, தூக்கியின் நேரத்தைச் சரிசெய்து கொடுத்தால் இதே துப்பாக்கி போட்டியில் முதல் வரிசையில் நிற்கும். அந்தக் கூலியையும் அதற்குக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால் இத்தாலியதற்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். இதை முன்பே தெரிந்து வாங்குபவர் ஏமாறுவதில்லை. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, வீட்டில் அரம் எடுத்துத் தானே இழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்த்த எஃகு திரும்ப வளராது. குதிரையும் விசையும் கவ்வும் இடத்தில் அரம் படவே கூடாது. அங்கே தவறினால் துப்பாக்கி தானாக வெடிக்கும்.

போட்டியில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கவ்பாய் போட்டிகளுக்கு விதி வகுக்கும், 1987இல் தொடங்கிய சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டியின் விதிப்படி ஷாட்கன் காலியாகத்தான் தொடங்கும். ஓடும் நேரத்தில் தோட்டாவைப் போட்டுச் சுட வேண்டும், ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. ஐந்து தோட்டா கொள்ளும் குழாய் அங்கே பயன்படுவதில்லை. லீவரைத் திறந்து, ஒரே பிடியில் இரண்டு தோட்டாக்களை மேல்வாய் வழியாக விட்டு, ஒன்றை அடியிலும் ஒன்றை அறையிலும் சேர்த்து மூடுபவர்தான் வேகமாகச் சுடுபவர். அதற்கேற்பத் தூக்கியைச் சரிசெய்வதில் அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் சீனப் பிரதிகளில்தான் பழகியிருக்கிறார்கள். கீறினாலும் மண்ணில் புரண்டாலும் மனம் வலிக்காத துப்பாக்கி இது என்பதும் அந்த மைதானத்தில் ஒரு நல்ல குணம்தான்.

## இத்தாலியப் பிரதி

பிரெஷியா மாவட்டத்தில் 1958இல் தொடங்கிய சியாப்பா குடும்பத்தின் நிறுவனம் செய்வது. பிரெஷியா பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்யும் ஊர்களின் கூட்டம். அங்கே செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியும் கார்டோனே வால் டிராம்பியா ஊரிலுள்ள தேசியச் சோதனைச் சாலையில் அதிக அழுத்தத் தோட்டா சுட்டுச் சோதித்து, முத்திரை குத்திய பின்தான் வெளியே போகும். குழலின் அடியில் அந்தச் சிறிய முத்திரைகளைக் காணலாம். அவற்றுக்குப் பக்கத்தில் சோதித்த ஆண்டைக் குறிக்கும் எழுத்துகளும் இருக்கும். பழைய துப்பாக்கியாக வாங்கும்போது விற்பவர் சொல்லும் வயதை அந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உடற்பகுதியில் மேற்பரப்பைக் கடினமாக்கிய எஃகுக்குரிய நீலமும் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், வால்நட் கட்டை, நேராக ஓடும் லீவர். பெட்டியிலிருந்து எடுத்து அன்றே மைதானத்துக்குப் போகலாம் என்ற நம்பிக்கையை இது கொடுக்கிறது. வகைகளும் அதிகம். 28 அங்குலக் குழல் பறக்கும் தட்டுகளுக்கும் வேட்டைக்கும் உகந்தது. 22, 24 அங்குலம் போட்டிக்கு. 18.5 அங்குலக் குழலுடன் பிடியைச் சுருக்கிய வகை ஒன்றும் உண்டு. 1991இல் வந்த ஹாலிவுட் படத்தில் நாயகன் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து சுழற்றிச் சுட்ட துப்பாக்கியின் சாயல் அது. அதை வாங்கத் துடிப்பவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன்: தோளில் பதியும் கட்டை இல்லாத 12 போர் துப்பாக்கி, மணிக்கட்டையும் பல்லையும் பதம் பார்க்கும். ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் அலமாரிக்குப் போய்விடும். சுழற்றுவதற்கென்று படப்பிடிப்பில் வளையத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். சாதாரண வளையத்தில் முயன்றால் விரல் எலும்புதான் முறியும்.

இதன் குறை விலை. சீனப் பிரதியின் இரு மடங்கு, சில வகைகளில் அதற்கும் மேல். இன்னொன்று, அழகின் சுமை. புதிய துப்பாக்கியின் அந்த நிறத்தின் மேல் முதல் கீறல் விழும்போது மனம் சுருங்கும். போட்டியில் துப்பாக்கியைச் சுடுமேசையில் சாய்க்க வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும், மரப் பலகை கட்டையைத் தேய்க்கும். அதற்குத் தயாராக இல்லாதவர் இந்தத் துப்பாக்கியைப் போட்டிக்குக் கொண்டுவராமல் இருப்பதே மேல். அமெரிக்காவில் ஓஹையோவின் டேட்டனில் நிறுவனத்தின் கிளை இருப்பதால் உதிரிக்கு ஒரு முகவரி இருக்கிறது. சீனப் பிரதியில் இறக்குமதி செய்தவர் தொழிலை விட்டுவிட்டால் பழைய துப்பாக்கிகளை அறுத்து உதிரி எடுக்கும் நிலைதான். ஒன்றின் உதிரி இன்னொன்றில் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம். மூன்றும் பார்க்க ஒரே அச்சு, உள்ளே வெவ்வேறு.

இரண்டு பிரதிகளுக்கும் பொதுவான ஒரு செய்தி. தோட்டாவின் ஓடு வழுவழுப்பாக இருக்க வேண்டும். பக்கத்தில் வரிவரியாகக் கோடு போட்ட மலிவு ஓடுகள் தூக்கியின் ஓரத்தில் உரசும், இரண்டாவது தோட்டா முதலாவதன் விளிம்பில் தட்டும். போட்டிக்காரர்கள் வின்செஸ்டரின் ஏஏ வகையைத் தேடுவதற்குக் காரணம் அந்த வழுவழுப்புதான். மலிவுத் தோட்டாவைப் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் திட்டுவது நியாயமில்லை. லீவரைத் தோலால் சுற்றிக்கொள்வதும் ஒரே காரணத்துக்கு. நூறு முறை ஓட்டினால் விரல் கணுவின் பின்புறம் தோலுரிந்துவிடும்.

## அசல் 1887

நியூ ஹேவன் முகவரி பொறித்த பழைய துப்பாக்கியைக் கையில் வாங்கும்போது வேறு எதுவும் தராத ஒரு நிறைவு இருக்கிறது. உடற்பகுதியின் இடப்பக்கத்தில் வின்செஸ்டரின் எழுத்துகளைப் பின்னிய சின்னம், பல கைகள் பட்டு மங்கிய உலோகம், கன்னம் பட்ட இடத்தில் மட்டும் கருத்த மரம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் சுடும் துப்பாக்கியாக அசலை வாங்குபவர்களைத் தடுக்க முடிந்தால் தடுப்பேன்.

காரணம் தோட்டா. 12 போர் அசலின் அறை 67 மில்லிமீட்டர். இன்றைய தோட்டாவின் நீளம் சுட்ட பிறகுள்ள நீளம். சுடாத நிலையில் வாய் மடங்கியிருப்பதால் அது குறுகிய அறைக்குள்ளும் எளிதாக நுழைந்துவிடும். அதுதான் ஆபத்து. சுடும்போது மடிப்பு விரிந்து அறையின் முன்னால் குறுகும் பகுதிக்குள் நீண்டு, ரவை போகும் வழியை நெருக்கும். அழுத்தம் உயரும். அந்த எஃகு கருமருந்துக்காகச் செய்தது. இதில் சிலவற்றின் குழல் இரும்பும் எஃகும் முறுக்கிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழல். அதற்குள் நாட்பட்ட துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பிற்காலத்தில் அறையை 70 மில்லிமீட்டருக்குக் குடைந்து நீட்டிய துப்பாக்கிகளும் சந்தையில் உண்டு. நீட்டியபோது அந்த இடத்தின் சுவர் மெலிந்திருக்கும். விற்பவர் அதை ஒரு வசதியாகச் சொல்வார்.

10 போர் அசல் இன்னொரு உலகம். இன்றைய 10 போர் தோட்டா 89 மில்லிமீட்டர் மேக்னம். 73 மில்லிமீட்டர் அறையில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஆக 10 போர் வைத்திருப்பவர் பெரும்பாலும் தன் தோட்டாவைத் தானே செய்துகொள்பவராக இருக்க வேண்டும். 12 போருக்குக் கொஞ்சம் வசதி. 65 மில்லிமீட்டர் குறைந்த அழுத்தத் தோட்டாக்களைச் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. மேக்டெக் நிறுவனத்தின் பித்தளை ஓடும் ஏறத்தாழ அதே நீளம்தான். பித்தளை ஓட்டில் கருமருந்து அடைத்து, அட்டையும் கம்பளி வட்டும் வைத்து, மேலே ரவையைக் கொட்டி மூடுவது ஒரு மாலை நேர வேலை. சுட்டதும் வெண்புகை எழுந்து தகடு விழுந்ததா என்றே தெரியாது. சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும், எனவே அன்றே வெந்நீரில் குழலைக் கழுவி எண்ணெய் இட வேண்டும். அந்த அடைப்புக் கட்டையின் மூலைமுடுக்குகளில் கசடு தேங்கும். சோம்பல் பட்டால் துப்பாக்கிக்குத்தான் கேடு.

வாங்குவதற்கு முன் இரண்டு செலவுகளைச் செய்தே ஆக வேண்டும். தெரிந்தவரிடம் அறையின் நீளத்தையும் குழலின் சுவர்க் கனத்தையும் அளக்கக் கொடுப்பது ஒன்று. வயோமிங்கின் கோடி நகர் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டிச் சான்றுக் கடிதம் கேட்பது இரண்டாவது. குட்டைக் குழல் காவல் துப்பாக்கி என்று சொல்லி இருபது அங்குலத்தில் விற்கும் அசல்களில், முப்பது அங்குலத்தை யாரோ அறுத்துக் குட்டையாக்கியவையும் இருக்கும். குழலின் முனையில் பூச்சு புதிதாக இருந்தாலோ குறிபார்க்கும் முனைப் பொட்டு ஒரு நூலளவு விலகியிருந்தாலோ சந்தேகப்படுங்கள்.

அசலுக்கு ஒரு சட்ட வசதி உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 முடிவுக்குள் செய்த துப்பாக்கியைப் பழம்பொருளாகக் கருதுகிறது. அதனால் 1887 மாடலில் பெரும்பகுதி அந்த வகைக்குள் வரும், 1901 மாடல் வராது. மாநிலச் சட்டங்கள் தனி.

## மூன்றும் தேவையில்லாதவர்கள்

போட்டிக்கு வேண்டியது துப்பாக்கி மட்டும்தான், லீவரின் அழகு அல்ல என்று நீங்கள் உணர்ந்தால் இரட்டைக்குழல் வாங்குங்கள். தானாக ஓடு தெறிக்காத இரட்டைக்குழலைச் சொசைட்டி அனுமதிக்கிறது. பிரேசிலில் செய்யும் ஸ்டோகர் கோச் துப்பாக்கி எளிமையானது, உடையக்கூடிய பாகம் குறைவு, கற்றுக்கொள்வது சுலபம். மைதானத்தில் மிக வேகமாகச் சுடுபவர்களில் பலர் கையில் இருப்பது இரட்டைக்குழல்தான். 1897 பம்ப்பின் சீனப் பிரதியும் இந்த வரிசையில் வரும்.

துருக்கியில் செய்யும் அட்லர் போன்ற நவீன லீவர் ஷாட்கன்களைப் பிரதி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். அவை பிரவுனிங்கின் வடிவமல்ல, பழைய காலப் போட்டியில் 1887க்குப் பதிலாக ஏற்க மாட்டார்கள்.

## வாங்குவதற்கு முன் சட்டம்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: எச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. பச்சை அட்டை வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. நண்பர் ஒருவர் இந்த விவரம் தெரியாமல் கடைக்குப் போய், படிவத்தை நிரப்பும் வேளையில் வியாபாரி சொல்லித்தான் அறிந்தார். ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ கூட்டாட்சிப் பதிவு இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 18.5 என்ற அளவு அங்கிருந்துதான் வருகிறது. கட்டையை அறுக்க நினைப்பவர் மொத்த நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வாங்க, குழல் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கழற்ற முடியாத குழாயில் இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. எனவே அங்கே நீளமான இத்தாலிய வகைதான் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பின் பம்ப் துப்பாக்கிக்குக் கடுமையான தடை வந்தபோது லீவர் தப்பித்தது. அட்லர் பற்றிய பெரிய சர்ச்சைக்குப் பிறகு 2016 டிசம்பரில் அரசுகள் ஒப்புக்கொண்ட வகைப்பாட்டில், ஐந்து தோட்டா வரை கொள்ளும் லீவர் ஷாட்கன் உரிமத்தின் பி பிரிவுக்கும் அதற்கு மேல் கொள்வது மிகவும் கடுமையான டி பிரிவுக்கும் போயின. சிட்னியிலும் மெல்பர்னிலும் இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் மாநிலப் பதிவகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## கடையில் எதைப் பார்ப்பது

ஆறு போலித் தோட்டாக்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் கேட்டு, துப்பாக்கி காலி என்று இருவரும் பார்த்த பின், இரண்டு தோட்டாக்களை மேல்வாயில் விட்டு மூடுங்கள், திறங்கள். முதலில் மெதுவாக, பின் வேகமாக. மெதுவாக ஓட்டும்போது நன்றாக ஓடி, வேகமாக ஓட்டும்போது சிக்கும் துப்பாக்கியும் உண்டு, அதன் நேர்மாறும் உண்டு. லீவர் கடைசியில் முட்டும் இடத்தில் ஒரு தெளிவான நிறுத்தம் கைக்குத் தெரிய வேண்டும். அது தெரியாத துப்பாக்கியில்தான் நீங்கள் பாதியில் திருப்புவீர்கள்.

அடுத்து, தோட்டாவை இழுக்கும் கொக்கிகள் இரண்டும் விளிம்பைச் சமமாகக் கவ்வுகின்றனவா பாருங்கள். குதிரையைப் பாதி நிலையில் வைத்து, விசையை அழுத்தாமல் பெருவிரலால் மெல்லத் தள்ளுங்கள். அந்த நிலையிலிருந்து நழுவினால் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், தள்ளுபடி எவ்வளவு தந்தாலும். பிறகு துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறங்கள். பழைய வடிவக் கட்டை பின்னோக்கிச் சரிந்து இறங்கும். உயரமானவர்களின் கன்னம் காற்றில் நிற்கும், சுடும்போது மரம் எழும்பி வந்து அடிக்கும். அப்படியானால் கட்டையின் மேல் கட்டும் தோல் மெத்தையின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, அந்த வாரக் கடைசியில் உங்கள் ஊர் மைதானத்துக்குப் போய், 1887 வைத்திருப்பவரிடம் நாலு தோட்டா சுடக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் மறுப்பவர் அபூர்வம். சீனமும் இத்தாலியதும் ஒரே மேசையில் கிடைக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. தோளும் விரலும் அங்கே சொல்வதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் கடைக்குப் போங்கள்.